கன்னித்தீவும் பழவேற்காடும்

'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் மணிமாறனின் நாட்டுக்குப் பெயர் நெய்தல் நாடு. 1965ல் பி.ஆர்.பந்துலு தயாரித்து இயக்கிய படம். சர்வாதிகாரியை எதிர்த்துக் காயம்பட்டு வந்த கலகக்காரர்களுக்கு மருந்து கட்டியதற்காக வைத்தியன் மணிமாறன் பிடிபடுகிறான். கலகக்காரர்களோடு சேர்த்து அவனையும் கப்பலேற்றிக் கன்னித்தீவில் அடிமையாக விற்கிறார்கள். தீவின் இளவரசி பூங்கொடி அவனை விலைக்கு வாங்குகிறாள். பிறகு காதல், கலகம், கடற்கொள்ளை, பாட்டு. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம் என்பதால் தமிழக அரசியலும் கொஞ்சம் அந்தக் கப்பலில்தான் ஏறியது. 2014ல் டிஜிட்டலில் மறுபடி வந்தபோதும் சென்னையில் 175 நாளைத் தாண்டி ஓடியது.

கடற்கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு போய் ஏலம் போடுகிற காட்சியை நம் வெகுமக்கள் மனதில் பதித்தது இந்தப் படம்தான். அதன் கடல் காட்சிகளை மேற்குக் கரையில் கார்வார்ப் பக்கம் எடுத்தார்கள். ஆள் விற்ற நிஜமான நெய்தல் கிழக்குக் கரையில் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரம் தாண்டி, காட்டுப்பள்ளி மணல்திட்டு வழியாக வடக்கே போனால் வருகிற பழவேற்காடு அது. நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். அந்தக் கதையை எந்தப் படமும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்குப் பதில் எடுத்த படத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூலக்கதை நம்முடையதல்ல. 1935ல் ஹாலிவுட்டில் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய 'கேப்டன் பிளட்' படத்தின் சாயல் இது. அந்தப் படத்துக்கு ரஃபேல் சபாட்டினியின் 1922ஆம் ஆண்டு நாவல் மூலம். எரால் ஃபிளின் நாயகன், ஒலிவியா டி ஹாவிலண்ட் நாயகி. இங்கிலாந்தில் 1685ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனுக்கு எதிராக மான்மவுத் கலகம் நடந்தது. தோற்றவர்களில் பலநூறு பேரை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கூலி அடிமைகளாக நாடு கடத்தினார்கள் என்பது வரலாறு. படத்தில் பீட்டர் பிளட் என்கிற அயர்லாந்து மருத்துவன், காயம்பட்ட கலகக்காரன் ஒருவனுக்கு வைத்தியம் பார்த்ததால் தண்டிக்கப்பட்டு ஜமைக்காவில் விற்கப்படுகிறான். பண்ணை முதலாளி கர்னல் பிஷப்பின் அண்ணன் தம்பி வழி மகள் அரபெல்லா அவனைப் பத்துப் பவுனுக்கு வாங்குகிறாள். பின்னால் அவன் கடற்கொள்ளைக்காரன் ஆனதும், இன்னொரு கொள்ளைக்காரனிடம் சிக்கிய அரபெல்லாவை முத்துக்களைக் கொட்டி இவன் வாங்குகிறான். வாங்கினவள் விற்பனைக்கு வருகிறாள், விற்பனைக்கு வந்தவன் வாங்குகிறான். இந்தக் கணக்கு நேரானதும் காதல் கைகூடுகிறது.

கதையை இப்படி யோசித்துப் பாருங்கள். 1685ல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். மான்மவுத் கலகக்காரர்களுக்குச் சில ஆண்டுகளில் மன்னிப்பு கிடைத்தது. ஆப்பிரிக்கர்களுக்கு விடுதலை 1830களில்தான். ஆனால் படம் நம்மைக் கண்ணீர்விட வைப்பது வெள்ளை அடிமைகளுக்காக. முடிவு இன்னும் விசேஷம். இங்கிலாந்தில் ராஜா மாறியதும் பீட்டர் பிளட்டையே ஜமைக்காவின் கவர்னராகப் போட்டுவிடுகிறார்கள். அடிமையாக வந்தவன் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான், நாமும் கைதட்டுகிறோம். கரும்புத் தோட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதில் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

பீட்டர் பிளட் தவறுதலாக அடிமையானவன். இதுதான் இந்தக் கதையாடலின் அச்சாணி. படித்தவன், மருத்துவன், கையில் அழுக்குப் படாதவன். அவனைப்போய் அடிமையாக்கிவிட்டார்களே என்பதுதான் அநியாயம். அடிமைமுறை என்று ஒன்று இருப்பது அநியாயமா என்ற கேள்வி எழுவதற்குள் கத்திச்சண்டை வந்துவிடுகிறது.

இந்த அச்சாணிக்காகத் தமிழன் ஹாலிவுட் போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார்: நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இதோ. சுந்தரரின் எதிர்வாதம் என்ன? அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதுண்டா, இப்படி யாராவது சொல்லிக் கேட்டதுண்டா என்பதுதான். சபைக்கும் இதே ஆச்சரியம்தான். ஆளோலை என்ற ஒன்றைப் பற்றி அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. அதில் இருக்கிற பெயர்தான் பிரச்சினை. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பகுதியைப் பக்திச் சுவைக்காகப் பாடம் நடத்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பரம்பரை அடிமைக்குப் பத்திரம் எழுதும் வழக்கம் கதை கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது என்பதற்குச் சாட்சியாக அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அதே புராணத்தில் திருநாளைப்போவாரும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் அவரை வேதியர் ஒருவரின் பண்ணையாளாக்கிக் கீர்த்தனை பாடினார். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கிற நந்தன் அவர். கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்ததும் 1935. 'கேப்டன் பிளட்' வந்த அதே வருஷம். தவறுதலாக அடிமையான வெள்ளைக்காரனுக்கு அங்கே கப்பலும் கத்தியும் கொடுத்தார்கள். பிறப்பிலேயே அடிமையான நந்தனுக்கு இங்கே நெருப்புக் குழியைக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் எனக்குச் சொன்னவர் எந்தப் பேராசிரியரும் இல்லை. காட்டுப்பள்ளிக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் காலனியில் ஒரு பெரியவர். எம்.ஜி.ஆர். ரசிகர், சந்தேகமே வேண்டாம். 'படகோட்டி', 'மீனவ நண்பன்' எல்லாம் எத்தனை தடவை பார்த்தார் என்று விரலை மடக்கிக் காட்டுவார். 'ஆயிரத்தில் ஒருவன்' பேச்சு வந்தபோது சொன்னார்: "அவுரு அடிமைன்னாலும் வைத்தியரு தம்பி. ஏலத்துல நிக்கும்போதே மொகம் தனியாத் தெரியுது. ராணி கண்ணு அதுமேலதான் போவும். எங்க தாத்தன நிக்கவெச்சி ஏலம் உட்டிருந்தா எவ வாங்கியிருப்பா? வாங்கியிருந்தா ஏர்ல கட்டத்தான் வாங்கியிருப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சினிமா விமர்சனம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதில் இவ்வளவு தெளிவு வருவதில்லை.

சரி, பழவேற்காட்டுக்கு வருவோம்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கால் வைத்தது. 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடுதான். துணி, வெடிமருந்து, நாணயச்சாலை என்று சரித்திரப் புத்தகங்கள் பட்டியல் போடும். பழவேற்காட்டுக் கைலி உலகம் சுற்றியது என்று பெருமையும் பேசுவோம். அதே கம்பெனியின் சரக்குக் கணக்கில் மனிதர்களும் இருந்தார்கள்.

1619ல் ஜாவாவில் பட்டாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, கம்பெனி நிறுவியது. 1621ல் யான் பீட்டர்சூன் கூன் என்கிற கவர்னர் ஜெனரல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் ஜாதிக்காய்த் தோட்டங்களைக் கைப்பற்றினான். ஊரைக் காலி செய்தாயிற்று, இனி தோட்டத்தில் யார் வேலை செய்வது? அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பஞ்சம். 1622-23ல் பழவேற்காடு, கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரை ஏற்றினார்கள். 1640களில் கோல்கொண்டாப் படை தெற்கே இறங்கி விஜயநகரத்தின் மிச்சத்தை உடைத்தபோது மறுபடி பஞ்சம். 1645-46ல் 2,118 பேர். பீஜப்பூர்ப் படை தஞ்சையை அழித்த 1659-61ல் இந்தக் கரை முழுவதிலிருந்தும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பட்டாவியாவுக்கும் போனார்கள்.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மழை தவறினாலோ படை நடந்தாலோ ஆள் விலை விழும். விலை விழுந்தால் கப்பல் வரும். வலை வீசிப் பிடித்தார்கள், துப்பாக்கி காட்டிக் கடத்தினார்கள் என்றெல்லாம் நாம் கற்பனை செய்கிறோம். அதுவும் நடந்திருக்கும். ஆனால் பெரும்பகுதி தரகர் வழியாக, காசுக்கு, பத்திரத்தோடு நடந்த வியாபாரம். ஒல்லாந்தன் கோட்டைக்குள் இருந்தான். ஊருக்குள் போய் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவன் உள்ளூர்த் தரகன். கப்பல் இந்தக் கரையில் வந்து அணையாது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை தாண்டிப் படகில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். துடுப்புப் போட்ட கைகளும் இந்தக் கரையின் கைகளே. அந்நியன் வந்து அடிமையாக்கினான் என்கிற ஒற்றை வரி வரலாற்றுக்குள் இந்தத் தரகனும் துடுப்பும் அடங்குவதில்லை.

இங்கே ஒரு பாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபிரகாம் ரோஜேரியஸ் 1632லிருந்து பத்தாண்டுகள் பழவேற்காட்டில் கம்பெனியின் குருவாக இருந்தவர். பத்மநாபன் என்கிற பிராமணரிடம் கேட்டுக்கேட்டு இந்துக்களின் மதத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 1651ல் லெய்டனில் வெளியானது. 'மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு' என்பதாகத் தலைப்பு. பர்த்ருஹரியின் சுபாஷிதங்களை அய்ரோப்பிய மொழிக்கு முதலில் கொண்டுபோன புத்தகம் என்று இந்தியவியலாளர்கள் கொண்டாடுகிறார்கள். ஒரே ஊர், ஒரே கோட்டை. ஒரு கதவு வழியாக பர்த்ருஹரி போனான். இன்னொரு கதவு வழியாகப் பேர் தெரியாத ஆட்கள் போனார்கள். முதல் கதவைப் பற்றித்தான் கருத்தரங்கு நடக்கிறது.

யார் அந்த ஆட்கள்? பஞ்சம் வந்தால் எல்லோரும்தான் சாவார்கள் என்பார்கள். நிலம் இருக்கிறவன் நிலத்தை விற்பான், மாடு இருக்கிறவன் மாட்டை விற்பான், தறி இருக்கிறவன் தறியை விற்பான். உடம்பைத் தவிர விற்க ஏதுமில்லாதவன்தான் முதலில் உடம்பை விற்கிறான், பிள்ளையை விற்கிறான். அவன் உடம்பும் ஏற்கனவே இன்னொருத்தன் பத்திரத்தில் இருந்தால், விற்கிற உரிமைகூட ஆண்டைக்குத்தான். செங்கற்பட்டுச் சீமையில் மிராசுதார் நிலத்தோடு சேர்த்துப் படியாளையும் கைமாற்றினான் என்பதற்கு வெள்ளைக்காரக் கலெக்டர்களின் அறிக்கைகளே சாட்சி. 1843ஆம் ஆண்டின் அய்ந்தாம் சட்டம் அடிமை மேல் உரிமை கோரினால் கோர்ட் ஏற்காது என்றது. ஆள் வியாபாரத்தைக் குற்றமாக்கியது அதற்குப் பின் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம். சட்டம் போட்டு அரை நூற்றாண்டு கழித்து 1891ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய குறிப்பைப் படித்தால், குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், கடன் பத்திரத்தால் தலைமுறை தலைமுறையாகப் படியாள் என்றே இருக்கிறது. பொன்னேரி தாலுகா அன்றைக்கு அந்தச் செங்கற்பட்டில்தான் சேர்த்தி. அந்தக் குறிப்பின் விளைவாகத்தான் 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது.

அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டு 1994ல் காரணையில் தலித் மக்கள் எழுந்தார்கள். அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அன்றைக்கு அந்த மாவட்டத்தின் அரசாங்கப் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். மணிமாறனின் பெயர் தாங்கிய மண்ணில்தான் படியாளின் பேரப்பிள்ளைகள் பாட்டன் நிலத்தைக் கேட்டுச் சுடப்பட்டார்கள்.

படத்தை எடுத்த பந்துலு ஏற்கனவே 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தவர். வெள்ளைக்காரனைத் திரையில் நிறுத்தத் தெரியாதவர் இல்லை. ஆனால் ஜமைக்கா கன்னித்தீவானபோது காலனி கழன்றுகொண்டது, இங்கிலாந்து கழன்றுகொண்டது, கரும்புத் தோட்டமும் கழன்றுகொண்டது. ஊர் பேர் இல்லாத சர்வாதிகாரம் ஒன்று மிஞ்சியது. அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரியில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு எரிந்தது. படம் ஜூலையில் வந்தது. தமிழன் அடிமையாகிவிட்டான், தலைவன் வந்து மீட்பான் என்று மேடையில் கேட்ட காதுகளுக்குக் கப்பல் தளத்து விடுதலைப் பாட்டு வேறு எப்படிக் கேட்டிருக்கும்? அடிமை என்ற சொல் ஓர் உருவகமாகிவிட்டது. உருவகமான பிறகு நிஜத்தில் படியாளாக இருக்கிறவனுக்கு அந்தச் சொல் மிச்சமில்லை. மூன்று வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட பண்ணையாட்களின் குடும்பங்களில் 44 பேரைக் கீழ்வெண்மணியில் கொளுத்தினார்கள்.

ஏரிக்கரையில் நெய்தல் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துக்கொள்வார்கள். மீன்வளத்தைப் பங்கிடும் அருமையான கூட்டுமுறை என்று சூழலியல் ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைக்கட்டு பட்டினவர் தலைக்கட்டு. தலித்துகளும் இருளரும் பாட்டுக்கு வெளியே நின்று கையால் தடவி இறாலும் நண்டும் எடுக்கிறவர்கள். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது மீனவக் குப்பத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். 2018ல் துறைமுகம் அதானி கைக்குப் போனது. விரிவாக்கத்தை எதிர்த்து மீனவர்கள் நடத்திய போராட்டத்தில் நாங்களும் நின்றோம், நிற்க வேண்டியதுதான். நிவாரணப் பேச்சில் மட்டும் கையால் இறால் எடுக்கிறவளுக்கு வலை இல்லை, படகு இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை என்றார்கள். மேடையில் தோழமையோடு இருக்கும்போதே இதையும் பேசியாக வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்து போனவர்களில் ஒரு பெண்ணின் கதை மட்டும் நமக்குக் கிடைக்கிறது. பட்டாவியாவில் அடிமையாக இருந்தவள். கம்பெனி ஏடுகளில் அவள் பெயர் கத்தரினா வான் பாலியகட்டா. 'வான்' என்றால் ஊர்க்காரர் என்று பொருள். பாலியகட்டா என்று ஒல்லாந்தர் எழுதியது நம் பழவேற்காட்டைத்தான். அடிமையானவுடன் ஊரில் இருந்த பெயர், சாதி, தகப்பன் பெயர் எல்லாம் போய் ஒரு கிறித்தவப் பெயரும் ஏற்றுமதியான துறையின் பெயரும் மிஞ்சும். அவளோடு உறவில் இருந்தவன் கிளாஸ் வான் மலபார், அவனும் அடிமை. அவனைக் கொன்றதாக 1656ல் அவள்மேல் வழக்கு. அவன் தாக்கியபோது தற்காப்பில் அடித்தாள் என்றே இந்த வழக்கை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். கோர்ட் மரண தண்டனை விதித்தது. பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாக மாற்றி ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு, நன்னம்பிக்கை முனைக்கு, 1657ல் கப்பலேற்றினார்கள். அங்கே தண்டனைக் கைதியாக வந்ததாகப் பதிவான முதல் பெண் அவள்தான்.

கன்னித்தீவில் ஏலம் காதலில் முடிகிறது. பட்டாவியாவில் விற்கப்பட்டவனும் விற்கப்பட்டவளும் ஒருவரை ஒருவர் வாங்கிக்கொள்ள முடியாது. அவள் உடம்பின்மேல் எஜமானுக்கு உரிமை இருந்தது, கம்பெனிக்கு உரிமை இருந்தது, தன்னைப்போலவே அடிமையான ஆணும் உரிமை கொண்டாடினான். மூன்றாவதை அவள் எதிர்த்தாள். முதல் இரண்டும் சேர்ந்து அவளைத் தண்டித்தன. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொல்கிறது. போன தலைவனை நினைத்துக் கரையில் நின்று அழுகிற பெண்ணுக்குத்தான் அதில் இடம். கப்பலில் போனவளே பெண்ணாக இருந்தால் அந்தப் பாட்டுக்குத் துறை எது என்று எந்த நூற்பாவும் சொல்லவில்லை.

கேப்பில் அவளைப் 'பெரிய கத்தரினா' என்று கூப்பிட்டார்கள். ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமான் என்கிற கம்பெனிச் சிப்பாய் காவல் பணியை விட்டுவிட்டு அவளிடம் போனதற்காக ராபன் தீவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டான். பின்னால் மண்டேலாவை அடைத்து வைத்தார்களே, அதே தீவு. கத்தரினாவுக்கு ஒரு மகன் பிறந்தான். அவளுக்கு மன்னிப்பும் கிடைத்தது. 1671ல் வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்றிருந்த அந்தோனி என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமான் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதக்கொடுமைக்குத் தப்பி வந்த ஹ்யூகனாட் குடும்பம் ஒன்றில் 1690 வாக்கில் பெண் எடுத்தான்.

அந்த வம்சம் பெருகித் தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமான் என்கிற பெரிய வெள்ளைக்காரக் குடும்பப் பெயராகிவிட்டது. 1949ல் வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் போட்டபோது, ஸ்னைமான்கள் வெள்ளையர் பக்கத்தில் இருந்தார்கள். வம்சாவளி தேடியவர்கள் ஏடுகளைப் புரட்டி, தங்கள் ஆதித்தாய் பழவேற்காட்டுக்காரி என்று கண்டெடுத்தார்கள். அவளை எந்தச் சேரியிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து, எந்தக் குப்பத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்று அந்த ஏட்டில் எழுதவில்லை. ஊரில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் எழுதவில்லை.